மலைப்பாம்பை வீட்டுல வளர்க்கிறது பக்தி இல்லை

போன வாரம் நம்ம ஸ்கூடாய் கோயில் பின்னால வந்த மலைப்பாம்புக் குட்டியை, "நாகம்மா வந்திருக்கா, நானே வீட்டுல வளர்க்கிறேன்"னு ஒரு தம்பி கேட்டார். நான் மறுத்துட்டேன். சிலருக்கு வருத்தம். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

மலைப்பாம்பு பால், முட்டையில வளர்ற உயிர் இல்லை. குட்டிக்கு எலி போதும். 4, 5 மீட்டர் ஆனதும் முழுக்கோழி, முயல் வேணும். கோழி வாசம் அடிக்கிற கையை, சோறு போட்ட கைன்னு அதுக்குத் தெரியாது. இரைன்னு நினைச்சுப் பிடிச்சிடும்.

1995-ல நம்ம ஜோகூர் சிகாமட்டில் பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவரை, சுமார் 7 மீட்டர் மலைப்பாம்பு சுற்றி நெரிச்சுக் கொன்னுடுச்சு. வளர்ந்தா அவ்வளவு பெருசாகிற உயிரைப் பிள்ளைங்க தூங்குற வீட்டுல வைக்கலாமா?

2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பெர்ஹிலித்தான் லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தா அது குற்றமும்கூட.

நாகத்தைக் கும்பிட நாமதான் புற்றைத் தேடிப் போறோம். புற்றை வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றதில்லை. கூண்டுல அடைக்கவும் வேணாம், அடிச்சுக் கொல்லவும் வேணாம். பாம்பைப் பார்த்தா தள்ளி நின்னு 999-க்குக் கூப்பிடுங்க. அந்தக் குட்டியையும் அப்படித்தான் பத்திரமா ஒப்படைச்சோம்.