நாலாவதன் மேல் பழி போடாதீங்க

போன வாரம் பொண்ணு அறிவியல் பாடத்தோடு வந்து உட்கார்ந்தாள். மனித உடம்பில் உள்ள கரிமச் சேர்மங்கள் முக்கியமாக நாலு வகை: மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம். டிஎன்ஏ இந்த நாலாவதில் சேர்த்தி. "நம்மாத்துல எதுப்பா ஜாஸ்தி?" என்றாள். யோசிக்காமல் "சாதம்" என்றேன் :-)

நான் கரமனை அக்ரகாரத்தில் வளர்ந்தவன். இலையில் சாதம் மூணு தடவை விழும்: சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு. கூடவே தேங்காய் அரைத்த கூட்டு, அவியல், பப்படம். பருப்பு மட்டும் பேருக்கு ஒரு ஸ்பூன். அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது, "நம்ம குடும்பத்துக்கு உள்ளதுதானே" என்று முடித்துவிட்டார்கள். இப்போது என் ரிப்போர்ட்டைச் சொன்னதும் அம்மா ஃபோனில் அதே வசனம்!

பரம்பரை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மாற்ற முடியாத நாலாவதைக் கைகாட்டிவிட்டு, தட்டில் மாற்றக்கூடிய மற்ற மூன்றையும் மறந்துவிடுகிறோமே, அதுதான் என் வருத்தம்.

ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நாடு முழுக்க நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. கேரளத்தில் பெரியவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை. அதே ஆய்வின் 2025 கட்டுரைப்படி, இந்தியர் சாப்பிடும் கலோரியில் சுமார் 62% மாவுச்சத்து, புரதம் வெறும் 12%.

பாட்டிகள் கண்ட சேர்மானத்தில் குற்றமில்லை. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் நிறைய. பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் நல்ல புரதம். கோளாறு அளவில்தான். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். 30 கிராம் பருப்பில் கிடைப்பது ஏழு கிராம் போல. அந்த ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு?

பாட்டிக்காவது ஆற்றுக்கும் கோயிலுக்கும் நடை இருந்தது. நமக்குக் காரும் நாற்காலியும்.

எங்கள் வீட்டில் இப்போது சாதம் பாதி. பருப்பு கெட்டியாக, தினம் ஒரு சுண்டலோ பயறோ, கூடத் தயிர். பொண்ணுக்கு முட்டையும் உண்டு (இது அம்மாவுக்குத் தெரியாது!).

லீவுக்குக் கரமனை போகும்போதுதான் நிஜப் பரீட்சை. இரண்டாம் தடவை சாதம் வேண்டாம் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? யாராவது சொல்லித் தப்பித்திருந்தால், வழியை எனக்கும் சொல்லுங்களேன்.