லோரி எழுதும் நாட்குறிப்பு

காலை நிகழ்ச்சிக்கு வரும் புலனக் குரல் பதிவுகளில் கணிசமானவை லோரி ஓட்டுநர்களுடையவை. "தங்கச்சி, தாப்பா தாண்டிட்டேன், ஒரு பழைய பாட்டு போடுங்க" என்பார்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கொள்கலன் ஏற்றிச் செல்லும் ஓர் அண்ணன், சில மாதங்களுக்கு முன் அனுப்பிய பதிவில் பாட்டுக் கேட்கவில்லை.

"இருபத்தாறு வருஷமா லோரி ஓட்டுறேன் தங்கச்சி. இந்த மாசம் அடிக்கடி திடீர் பிரேக் போட்டேனாம், மிஷின் சொல்லுதாம். அலவன்ஸ்ல இருநூறு வெள்ளி வெட்டிட்டாங்க. எந்த எடத்துல, எத்தனை மணிக்குன்னு கேட்டா, அது கம்பெனி விஷயம்ங்கிறாங்க."

நிகழ்ச்சி முடிந்ததும் அவரை அழைத்துப் பேசினேன். அவருக்குக் கோபம் வெட்டிய பணத்தின் மேல் மட்டுமல்ல. தன்னைப் பற்றி ஏதோ எழுதி வைத்திருக்கிறார்கள், அதைத் தனக்குக் காட்ட மறுக்கிறார்கள் என்பதுதான் அவரை உறுத்தியது.

இன்றைய லோரி ஓடும்போதே நாட்குறிப்பு எழுதுகிறது. எங்கே போனது, எவ்வளவு வேகம், எவ்வளவு டீசல், எத்தனை நிமிடம் நின்றபடியே இன்ஜின் ஓடியது, எங்கே பிரேக் அழுத்தப்பட்டது என எல்லாம் உள்ளே இருக்கும் ஒரு சிறு கருவியில் பதிவாகி, சிம் அட்டை வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்விடுகிறது. புதிய லோரிகளில் தயாரிப்பாளரே இதைப் பொருத்தி அனுப்புகிறார். பழையவற்றில் மாதச் சந்தாவுக்குத் தனி நிறுவனங்கள் பொருத்தித் தருகின்றன.

இந்த நாட்குறிப்பைப் படிக்கும் உரிமை யாருக்கு? லோரியை வாங்கிய முதலாளிக்கா, ஓட்டும் தொழிலாளிக்கா, கருவியைச் செய்த நிறுவனத்துக்கா? தரவு யாருடைய சர்வரில் இருக்கிறதோ, நடைமுறையில் அவர் கைதான் ஓங்கியிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தாலேயே பதில் சொல்லியிருக்கிறது. அங்கே 'தரவுச் சட்டம்' 2024 ஜனவரியில் நடப்புக்கு வந்து, 2025 செப்டம்பர் 12 முதல் செயல்படுகிறது. இணைய வசதியுள்ள ஒரு பொருளை வாங்கியவரோ வாடகைக்கு எடுத்தவரோ, அது உருவாக்கும் தரவைக் கேட்டுப் பெறலாம். அதற்காக அவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. தனக்குப் பிடித்த பட்டறைக்கோ வேறு சேவை நிறுவனத்துக்கோ அந்தத் தரவைக் கொடுக்கச் சொல்லலாம். லோரி பழுதானால் தயாரிப்பாளரின் பட்டறைக்கு மட்டுமே ஓட வேண்டிய கட்டாயம் இதனால் குறைகிறது. வர்த்தக ரகசியங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. தரவை அலசி நிறுவனம் தானாகக் கணக்கிட்டுச் சொல்லும் முடிவுகள் இந்த உரிமைக்குள் வராது.

ஆனால் இந்தச் சட்டத்தில் 'பயனர்' என்பவர் பெரும்பாலும் லோரி முதலாளிதான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் ஓட்டுநர் அல்ல. அவரைக் காப்பது அங்குள்ள தனிநபர் தரவுச் சட்டம். முதலாளி கேட்டார் என்பதற்காக மட்டும் ஓட்டுநரைப் பற்றிய தனிப்பட்ட விவரங்களைக் கொடுத்துவிட முடியாது. அதற்குத் தனியாகச் சட்டக் காரணம் வேண்டும். இன்னொன்றும் அங்கே உண்டு. லோரி ஓட்டிய நேரமும் ஓய்வெடுத்த நேரமும் ஓட்டுநரின் சொந்த அட்டையில் பதிவாகின்றன. அவருடைய கணக்கு அவர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

சரி, நம் நாட்டில்? முதலாளி கேட்டால் வாகனத் தரவைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் அப்படியொரு சட்டம் இங்கே இல்லை. கருவி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். ஆனால் ஓட்டுநருக்கு ஒரு வழி உண்டு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றிய தரவை எழுத்து மூலம் கேட்கலாம். சிறு கட்டணம் இருக்கலாம். பொதுவாக 21 நாளுக்குள் பதில் வர வேண்டும். 2024இல் சட்டம் திருத்தப்பட்டு, தன் தரவை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றச் சொல்லும் உரிமையும் 2025 ஜூன் முதல் சேர்ந்திருக்கிறது. தொழில்நுட்பம் இடம் கொடுத்தால் என்ற நிபந்தனை அதில் உண்டு.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவர் மகள் மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். முதலாளி கெட்டவர் அல்ல. அவரிடமே விவரம் இல்லை! மாதாமாதம் சந்தா கட்டியும், கருவி நிறுவனம் அவருக்குக் காட்டியது ஒவ்வொரு லோரிக்கும் ஒரு மதிப்பெண்ணை மட்டும்தான். அவரும் எழுதிக் கேட்டார். இரண்டு வாரத்தில் பட்டியல் வந்தது.

மொத்தம் ஐந்து திடீர் பிரேக்குகள். அவற்றில் மூன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்று அண்ணன் கோலசிலாங்கூரில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். லோரியை ஓட்டியவர் வேறொருவர். கருவிக்கு லோரியைத் தெரியும், ஓட்டுநரைத் தெரியாது. மீதி இரண்டும் தன்னுடையவைதான் என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். ஒன்று, குறுக்கே வந்த மோட்டார் சைக்கிளுக்காகப் போட்டது. வெட்டிய பணம் அடுத்த மாதம் திரும்ப வந்தது.

இப்படிப்பட்ட கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூனில் கெரிக் அருகே நடந்த பேருந்து விபத்தில் 15 மாணவர்களைப் பறிகொடுத்த நாடு இது. கனரக வாகனங்களைக் கண்காணிக்கத்தான் வேண்டும். ஆனால் பதிவு தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்லக்கூடியவர், அந்த இடத்தில் இருந்தவர் மட்டுமே. அவர் கண்ணில் படாத பதிவை யார் திருத்துவது?

உங்கள் வீட்டில் லோரி, வேன், பேருந்து ஓட்டுபவர் இருந்தால் இன்றிரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்: வண்டியில் என்ன பதிவாகிறது, யார் பார்க்கிறார், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? சொந்தமாக இரண்டு மூன்று லோரி வைத்திருப்பவர்கள் சந்தாவில் கையெழுத்துப் போடுமுன் இன்னும் ஒன்று கேளுங்கள்: ஒப்பந்தம் முடிந்தால் பழைய பதிவுகள் என் கைக்கு வருமா?

அந்தக் கம்பெனியில் இப்போது ஓட்டுநர்கள் வண்டியை எடுக்குமுன் ஆளுக்கோர் அட்டையைத் தொட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்களாம். போன வாரம் அண்ணனின் குரல் மறுபடி வந்தது. "தங்கச்சி, தாப்பா தாண்டிட்டேன்." இந்த முறை பாட்டுக் கேட்டார். போட்டேன்.