மைதானத்து மூலை: பேராவூர் ஜிம்மி ஜார்ஜ்

சென்ற இதழில் நமது சங்கத்துக் கைப்பந்துக் குழுவைப் பற்றி நான்கு வரிகள் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு, காலனியில் நம் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் அன்பர் ஒருவர் மாலையில் வந்தார். அவருடைய மகன் அக்குழுவில் ஆடுபவன். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். "சார், நீங்கள் பாட்டுக்கு அவனைப் புகழ்ந்து எழுதிவிட்டீர்கள். பந்து சோறு போடுமா, சொல்லுங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொடுத்த காப்பி ஆறும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறந்த ஊரை விட்டு வந்து, ஒருவர் சம்பளத்தில் ஒரு குடும்பத்தை நடத்தும் நமக்கெல்லாம் அது வேடிக்கையான கேள்வியன்று. அன்று அவருக்கு நாம் சொன்ன வரலாற்றையே இம்மாதம் எழுதுகிறோம்.

கேரளத்தில் கண்ணூர் ஜில்லாவில் பேராவூர் என்றோர் ஊர். அங்கே 1955ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் பிறந்தவர் ஜிம்மி ஜார்ஜ். தந்தையாரே கல்லூரிக் காலத்தில் கைப்பந்து ஆடியவர். மக்களுக்கு முதல் ஆசிரியரும் அவரே. சகோதரர் எண்மரும் இந்த ஆட்டத்தில் இறங்கினார்கள் என்றால் அவ்வீட்டு முற்றத்தின் மாலை நேரத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஜிம்மி பதினாறு வயதில், 1971இல், கேரள மாநிலக் குழுவில் இடம் பெற்றார். கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்திற்காக ஆடினார். நீச்சலிலும் வல்லவர். மருத்துவப் படிப்பும் கைக்கு எட்டியிருந்தது. பந்துக்காக அதை விட்டார்.

இந்த இடத்தில் அன்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டர் படிப்பையா விட்டார்?" என்று கேட்டார். ஆம் என்று சொல்லும்போது நம் குரலும் சற்றுத் தாழ்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

விட்டாரே தவிர அந்தரத்தில் நிற்கவில்லை. 1976இல் கேரளப் போலீஸில் சேர்ந்தார். அதே ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதும் இருபத்தொரு வயதில் கிடைத்தது. (கைப்பந்துக்கு அவ்விருதை முதன்முதலில், 1961இலேயே, பெற்றவர் தமிழகத்துப் பழனிசாமி என்பதை நம் பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பது நலம்.) நம் தேசத்தில் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டு வந்த வழி இதுதான். போலீஸ், ராணுவம், ரயில்வே எனும் இலாகாக்கள் அவனுக்கு ஓர் உத்தியோகத்தைக் கொடுத்து, ஆட விட்டு வைக்கும். நம் ஆபீஸிலேயே அப்படி வந்தவர்கள் உண்டு. காலையில் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு மைதானத்திற்குப் போவார்கள். அவர்களுடைய பைல் நம் மேஜைக்கு வரும். ஒரு காலத்தில் அதுபற்றி நமக்கு மனத்தாங்கல் இருந்தது. முழங்கால் கெட்டு ஆட்டம் நின்றபின் ஒருவர் நாற்பது வயதில் நம் எதிரே அமர்ந்து கணக்கு எழுதக் கற்றுக்கொண்டதைப் பார்த்த நாளில் அது போயிற்று.

ஜிம்மி ஜார்ஜ் அந்த நாற்காலியோடு நிற்கவில்லை. 1979இல் அபுதாபிக்குச் சென்று அங்குள்ள விளையாட்டுக் கழகத்திற்காக 1982வரை ஆடினார். பிறகு இத்தாலி. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு சம்பளத்திற்கு ஆடிய முதல் இந்தியக் கைப்பந்து வீரர் அவரே. கொத்தனாரும் கணக்கரும் நர்ஸம்மாவும் கடல் கடந்து போன அதே காலத்தில் அவரும் போனார்; அவர் கொண்டு போன கைத்தொழில் ஒரு குதி, ஓர் அடி.

அந்தக் குதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடவர் ஆட்டத்தில் வலையின் மேல்விளிம்பு 2.43 மீட்டர் உயரம். அதற்கு மேலே பந்து எழும்பி இறங்கும் சிறு கணத்தில், எதிரே இரண்டு மூன்று பேர் கைகளால் எழுப்பும் சுவரைத் தாண்டி அடிக்க வேண்டும். சுவர் எழுப்பியவர்கள் கீழே இறங்கத் தொடங்கும்போதும் ஜிம்மி மேலேயே நிற்பதுபோல் தோன்றும் என்று, பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்நாளில் சர்வீஸ் போடும் பக்கத்திற்கே புள்ளி. மற்றப் பக்கம் வென்றால் சர்வீஸ் மட்டும் கைமாறும். ஆகவே ஒரே புள்ளிக்காக மீண்டும் மீண்டும் குதிக்க நேரும். ஓர் ஆட்டத்தில் எத்தனை குதி! இத்தாலியர் கூலி கொடுத்தது அந்த முழங்கால்களுக்குத்தான்.

1974இல் டெஹ்ரானிலும் 1978இல் பாங்காக்கிலும் ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்காக ஆடிய அவர், 1982இல் நம் தில்லியிலேயே அவ்விழா நடந்தபோது குழுவில் இல்லை. சம்பளத்திற்கு ஆடப் போனவன் நாட்டை மறந்தான் என்று சொல்ல வாய்கள் இருந்திருக்கும். ஆனால் 1985இல் சவூதி அரேபியாவில் ஆடிய இந்தியக் குழுவுக்கு அவரே தலைவர். 1986இல் ஹைதராபாத்தில் நடந்த சர்வதேசப் போட்டியிலும் தலைமை அவருடையதே. அவ்வாண்டு சியோலில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் பெற்றது. 1958இல் டோக்கியோவில் வெண்கலம், 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி, அதன்பின் இருபத்துநான்கு ஆண்டு வறட்சிக்குப் பிறகு அது! அதற்குப் பின் 2023இல் ஹாங்சோவில் நடந்த விழாவரையிலும் நம் ஆடவர் குழு வேறு பதக்கம் கொண்டு வரவில்லை. வெளிநாட்டில் கற்றதை அவர் கொண்டு வந்து போட்டதற்கும் அந்த வெண்கலத்திற்கும் சம்பந்தம் உண்டென்றே நாம் நினைக்கிறோம்.

1987 நவம்பர் 30ஆம் நாள் இத்தாலியில் நேர்ந்த மோட்டார் விபத்தில் ஜிம்மி ஜார்ஜ் காலமானார். வயது முப்பத்திரண்டு. கேரளப் போலீஸின் பதிவேட்டில் அவர் பெயர் அதுவரை இருந்தது. அவர் கடைசியாக ஆடிய மோன்டிகியாரி நகரில் விளையாட்டரங்கம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்து 'பாலாஜார்ஜ்' என்று அழைக்கிறார்கள். திருவனந்தபுரத்திலும் அவர் பெயரால் உள்ளரங்கம் உண்டு. உள்ளூரிலேயே சம்பளத்திற்கு ஆட நம் நாட்டில் 2019இல் ஒரு லீக்கும் 2022இல் மற்றொன்றும் தோன்றின.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அன்பர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் போலீஸ் வேலையை அவர் கடைசிவரை விடவில்லை, இல்லையா?" விடவில்லை என்றோம். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மாலை பையன் மைதானத்தில் இருந்தான். ஐந்தரை முதல் ஏழுவரை அனுமதியாம். ஞாயிறு முழுவதும் ரசாயனம். ரயில்வே தேர்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எந்தெந்தச் சான்றிதழ்கள் வேண்டும் என்று தந்தையார் ஒரு சீட்டில் எழுதிக் கேட்டனுப்பியிருக்கிறார். விசாரித்து எழுத வேண்டும்.