மூன்றாவது பதிவில் என்ன எழுதுவது?

கைவிடப்பட்ட தமிழ் வலைப்பூக்களை மேய்வது எனக்கொரு பொழுதுபோக்கு. முதல் பதிவு பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். பிள்ளையார் படம், 'வணக்கம் நண்பர்களே, நானும் வந்துவிட்டேன்' என்று ஓர் அறிவிப்பு, ஆதரவு கேட்டு இரண்டு வரி. இரண்டாவது பதிவு, அந்த வாரம் ஊரே பேசிக்கொண்டிருந்த படத்தையோ தேர்தலையோ பற்றியது. மூன்றாவது சில மாதம் கழித்து வரும்: 'வேலைப்பளு காரணமாக எழுத முடியவில்லை. இனி தொடர்ந்து எழுதுவேன்.' அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது.

வேலைப்பளு என்பதை நான் நம்புவதில்லை. நேரமே இல்லாதவர்கள்தான் உலகத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுத விஷயம் தீர்ந்துபோனதாக இவர்கள் நினைத்துக்கொண்டதுதான் காரணம். கையில் இருந்த விஷயத்தை எழுதத் தகுந்ததாக அவர்கள் மதிக்கவே இல்லை.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஆயுள் முழுக்கப் பத்திரம் எழுதியவர். இப்போது எழுதுவதில்லை, கண் ஒத்துழைக்கவில்லை. சும்மா இருக்கிறாரே என்று மகன் பிளாக்கரில் ஒரு கணக்கு திறந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அண்ணாச்சி எழுதிய தலைப்புகளைப் பாருங்கள்: 'மனிதநேயம்', 'இன்றைய இளைஞர்கள் எங்கே செல்கிறார்கள்?' படித்தேன். இளைஞர்கள் எங்கே போகிறார்கள் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அதே அண்ணாச்சி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஒருநாள் ஒருவர் பட்டா நகலை நீட்டினார். தாத்தா வாங்கிய நிலம், பட்டாவில் பக்கத்து வயல்காரர் பெயர். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது யுடிஆர்ல வந்த தப்புல்லா. கம்ப்யூட்டர் வில்லங்கத்த மட்டும் போட்டுட்டு நிக்காதீரும். அதுக்கு முந்தினது கையால எழுதுன புத்தகத்துல கெடக்கும், அதையும் மனு போட்டு வாங்கும். தாய்ப்பத்திரத்துல நாலெல்லை என்ன சொல்லுதுன்னு பாரும். வடக்கே ஓடைன்னு எழுதியிருந்தா, ஓட இன்னும் அங்கதான் ஓடுதான்னு நேர்ல போயிப் பாத்துட்டு வாரும்."

யுடிஆர் என்பது நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க அரசு நடத்திய திட்டம். பட்டாவில் புல எண் எப்படி உட்பிரிவாகிறது, பழைய பதிவேட்டில் எந்தக் கலத்தில் எதைத் தேட வேண்டும், எந்த வார்த்தை பத்திரத்தில் இருந்தால் பிற்பாடு வழக்கு வரும் என்று பேச்சு நீண்டது. சுற்றி இருந்தவர்களின் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இதையே எழுதலாமே, அண்ணாச்சி" என்றேன்.

"இதுல என்னத்த எழுத, தம்பி? இது ஆபீஸ் சமாச்சாரம். இத யாரு படிப்பா?"

புதிதாக எழுத வருகிற பெரும்பாலானவர்களிடம் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். செவிலியராக இருப்பவர் காதல் கவிதை எழுதுகிறார். லேத் பட்டறைக்காரர் நாட்டு நடப்பு எழுதுகிறார். தறிக்காரர் தமிழின் தொன்மை பற்றி எழுதுகிறார். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தலைப்புகளில் ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் நூறு பேராவது நம்மைவிட நன்றாக எழுதுகிறார்கள். இரவுப் பணியில் ஒரு வார்டு எப்படி நடக்கிறது, பாவு அறுந்தால் எப்படிப் பிணைக்கிறார்கள் என்று தமிழில் தேடிப் பாருங்கள். உருப்படியாக ஒன்று அகப்பட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் நிலைமை வேறு. 2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பதிவு தொடங்கியவர்களுக்கு எழுத்து ஒழுங்காகத் தெரிவதே பெரும்பாடு. ஒருங்குறி அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. பழைய விண்டோஸ் 98 கணினியில் கொம்பு இடம் மாறிப் போய் நிற்கும். சில கணினிகளில் வெறும் கட்டம் கட்டமாக வரும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'எழுத்துரு தெரியாதவர்கள் இங்கே சொடுக்கவும்' என்று ஒரு குறிப்பு இருக்கும். முரசு அஞ்சல், இ-கலப்பை என்று மென்பொருளை நிறுவிக்கொண்டு உட்கார வேண்டும். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாகூ குழுமங்களில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பலர் அப்படியே வலைப்பூவுக்குக் குடிபெயர்ந்தார்கள். காசி ஆறுமுகம் 2004இல் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கிய பிறகு, யார் புதிதாக எழுதினாலும் அடுத்த சில நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாரம் ஒரு நட்சத்திரப் பதிவர். முதலில் பின்னூட்டம் போட்டவருக்கு வடை. நான் உனக்குப் போட்டால் நீ எனக்குப் போட வேண்டும் என்கிற மொய்க் கணக்கு. சண்டையும் உண்டு, சமரசமும் உண்டு. கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் புனைபெயரால் அறிந்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் 'இன்று மழை பெய்தது' என்று எழுதினாலும் பத்துப் பேர் வந்து குடை கொண்டுபோனீர்களா என்று விசாரிப்பார்கள். எழுதுகிறவரைத் தெரியும் என்பதால் எழுத்தையும் படித்தார்கள். இப்போது அந்தக் கூட்டம் ஃபேஸ்புக்குக்கும் யூடியூபுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டது. இன்று வலைப்பூ தொடங்குகிறவருக்குக் கடைவாசலில் கூட்டம் கிடையாது. வருகிற வாசகர் தனி ஆள். இரவு பதினோரு மணிக்கு, நாளைக் காலை சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டிய கவலையோடு, கூகுளில் எதையோ தட்டித் தேடி வருகிறார். அவருக்கு உங்களைத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நேரமில்லை. அவருக்கு வேண்டியது உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஃபேஸ்புக்கில் எழுதினால் போதாதா என்று கேட்கிறார்கள். அன்றைக்குப் போதும். போன மாதம் நீங்களே எழுதியதை அதில் இப்போது தேடி எடுத்துவிடுங்கள் பார்க்கலாம். வலைப்பூவில் எழுதிய நல்ல குறிப்பு பத்து வருஷம் கழித்தும் தேடலில் அகப்படுகிறது.

தன் தொழிலை எழுதுவதில் சுவை இருக்காது என்று நினைப்பவர்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையை நினைவூட்டுவேன். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், வியாபாரி. 1736 முதல் 1761இல் இறக்கும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு இறங்கியது, துரை இவரிடம் என்ன சொன்னார், அவர் மனைவி என்ன குழப்பம் பண்ணினார் எல்லாம் அதில் இருக்கிறது. பேச்சுத் தமிழும் பிரெஞ்சுச் சொல்லும் கலந்த கணக்குப்பிள்ளை நடை. இலக்கியம் படைக்கிறோம் என்று அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. 1846 வாக்கில் ஒரு பிரெஞ்சுக்காரர் அந்தக் கையெழுத்துப் படிகளைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு சென்னை அரசாங்கம் 1904 தொடங்கி ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை எழுதப் புகும் எவரும் இன்றுவரை அவரைத் தாண்டிப் போக முடிவதில்லை. அன்றைய புலவர்கள் பலர் பிரபுக்கள்மேல் பாடிய பிரபந்தங்களை இப்போது யார் புரட்டுகிறார்கள்?

சரி, கை வேலைக்கு வருவோம். புதியவர்கள் முதல் மாதத்தை வார்ப்புரு தேடுவதிலும் பெயர் வைப்பதிலும் கழிக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரு சாயங்காலம் போதும். பிளாக்கரோ வேர்ட்பிரஸ்.காமோ, இரண்டிலும் காசில்லாமல் தொடங்கலாம். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, சற்றுப் பெரிய அளவு. உங்கள் வாசகர்கள் செல்போனில் படிக்கிறார்கள், அவர்களில் பலர் நாற்பது தாண்டியவர்கள்.

தலைப்பில் கவிதை வேண்டாம். 'ஒரு காகிதத்தின் கண்ணீர்' என்று வைத்தால் யாரும் தேடி வர மாட்டார்கள். 'யுடிஆர் பட்டாவில் பெயர் தவறாக இருந்தால் என்ன செய்வது' என்று வையுங்கள். இன்னொன்று, பிளாக்கரில் தமிழ்த் தலைப்பு வைத்து அப்படியே வெளியிட்டால் முகவரியில் 'பிளாக் போஸ்ட்' என்று ஒரு பொதுப்பெயரும் எண்ணும் வந்து உட்காரும். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பதிவுகள் இப்படி அடையாளமே இல்லாத முகவரியோடு கிடக்கின்றன. அந்தக் காலத்தில் முதலில் ஆங்கிலத் தலைப்போடு வெளியிட்டு, பிறகு தமிழுக்கு மாற்றுகிற தந்திரம் பண்ணுவோம். இப்போது முகவரியை நாமே எழுத வலப்பக்கப் பட்டியலில் வசதி இருக்கிறது. வெளியிடும் முன் அங்கே நாலு ஆங்கில வார்த்தை எழுதிவிடுங்கள்.

தட்டச்சு தெரியாதே என்பது இப்போது ஒரு சாக்கு மட்டுமே. போனில் மைக்கை அழுத்திப் பேசினால் தமிழில் விழுகிறது. என்ன, நிறுத்தற்குறி இருக்காது, ல, ள, ழ குழம்பும், ஒற்று போகும். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி பிழைதிருத்தியில் ஒருமுறை போட்டு எடுத்தால் பெரும்பாலானவை பிடிபடும். அவரும் வலைப்பதிவு எழுதியவர்தான். நிறைய எழுதுகிற உத்தேசம் இருந்தால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். பழகியவர்கள் பிறகு வேறு எதையும் தொடுவதில்லை.

படம் வேண்டுமென்றால் உங்கள் போனில் நீங்களே எடுத்தது. அதுவும் இல்லாவிட்டால் விக்கிமீடியா பொதுவகத்தில் உரிமம் பார்த்து எடுத்து, எடுத்தவர் பெயரைப் போடுங்கள். கூகுள் படத் தேடலில் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் எழுத்தும் ஒருநாள் 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்போடு, உங்கள் பெயர் உதிர்ந்து, உங்கள் சித்தப்பா மூலமாகவே உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும். அன்று புரியும்.

அரசு ஊழியராக இருந்தால் நடத்தை விதிகளை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். தொழிலை எழுதும்போது அடுத்தவர் வீட்டு விவகாரம் வெளியே வந்துவிடக் கூடாது. பத்திரத்தின் சிக்கலை எழுதலாம், பத்திரக்காரரின் பெயரையும் ஊரையும் மாற்றிவிட வேண்டும்.

பணம் வருமா? வரும், ஆனால் அதை நம்பி வராதீர்கள். கூகுளின் ஆட்சென்ஸ் தமிழைச் சேர்த்துக்கொண்டதே 2018இல்தான். கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் தபாலில் ஒரு ரகசிய எண் வரும்; அது ஒன்றுதான் பலருக்குக் கிடைத்த வருமானம். நூறு டாலர் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும், அந்த நூறைத் தொட்டவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்தில் அதிகமில்லை. விளம்பரத்துக்காகத் தங்கம் விலை, ராசிபலன் என்று எழுதப் போனவர்கள் அதையும் விட்டுவிட்டார்கள்.

பலரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுதியதன் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டபோது, அதோடு இணைத்து வைத்திருந்த பிளாக்கர் பின்னூட்டங்கள் அடியோடு போயின. மரத்தடிக்கும் காப்பி கிளப்புக்கும் இடம் கொடுத்த யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் கடையையே கட்டின. இலவசமாக இடம் கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லலாம். பிளாக்கர் அமைப்புகளில் காப்புப் பிரதி எடுக்கும் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்தி, வரும் கோப்பை வேறு இடத்தில் போட்டு வையுங்கள். நிறையச் சேர்ந்தால் நூலாக்கலாம். படைப்பாக்கப் பொதும உரிமத்தில் கொடுக்கச் சம்மதித்தால், ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் வலைப்பதிவுகளை மின்னூலாக்கி இலவசமாக வெளியிடுகிறார்கள்.

அண்ணாச்சி இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. 'நாலெல்லை' பற்றி மட்டும் பேசி ஒலிப்பதிவு செய்து அனுப்பியிருக்கிறார், தட்டச்சு செய்து தருகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குள் 'தாய்மை' பற்றி ஒன்று எழுதி வெளியிட்டும் விட்டார்.

இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் மின்வாரிய லைன்மேன், சத்துணவு அமைப்பாளர், நாதஸ்வரத்துக்குச் சீவாளி கட்டுகிறவர், கப்பலில் போய் வந்தவர் எவராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். வணக்கமும் அறிமுகமும் வேண்டாம். உங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் வாரத்தில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கும். அதற்கு வாய்வார்த்தையாக நீங்கள் என்ன பதில் சொல்வீர்களோ, அதை அப்படியே எழுதி வெளியிட்டுவிட்டு, முகவரியை இந்தப் பத்திரிகைக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். நான் படிக்கிறேன்.