ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், வேட்டைக்கு?

"ஏர்கன் வாங்க லைசென்ஸ் தேவையில்லையாமே! பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒன்று வாங்கிப் போனால் நாலு கௌதாரி அடிக்கலாமே!"

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதை ஒட்டிய காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பகுதிகளிலும் தமிழர்கள் கூடும் டீக்கடைகளில் இப்படிப் பேசுவோர் உண்டு. பேச்சில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி மீதிப் பாதியை மறப்பவர்கள்தான் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுகிறார்கள்.

ரிச்சர்ட்ஸ் பூங்காவின் பழைய மரங்களில் கிளிகளைக் காணலாம். மாடியில் நின்று அவற்றைக் குறி பார்க்கும் பையன் தான் ஒரு விளையாட்டு விளையாடுவதாகவே நினைக்கிறான். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

புது ரகத் துப்பாக்கி

பொருட்காட்சியில் பலூன் சுடும் துப்பாக்கியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விரிந்து காற்றைத் தள்ளும், ஈயக் குண்டு பறக்கும். ஒரு தடவை மடக்கினால் ஒரு குண்டு.

இப்போது பணம் உள்ளவர்கள் தேடுவது வேறு ரகம். அதில் குழலுக்கு அடியிலேயே ஒரு சிறு சிலிண்டர் இருக்கிறது. காற்றை முன்கூட்டியே அதில் அடைத்து வைத்துவிடுகிறார்கள். ஆங்கில எழுத்துக்களில் 'பி.சி.பி.' என்பார்கள். கார் டயரில் சுமார் 2 பார் அழுத்தத்துக்குக் காற்று அடிக்கிறோம். இந்தச் சிலிண்டரில் சாதாரணமாக 200 பார். அதாவது நூறு மடங்கு! இதற்கென்றே உள்ள கைப்பம்பிலோ, கடலில் மூழ்குவோர் முதுகில் கட்டும் சிலிண்டரிலிருந்தோ காற்று ஏற்றுகிறார்கள். ஒருமுறை ஏற்றினால் பல குண்டுகள் சுடலாம். தோளில் உதைப்பதில்லை. குறி தப்புவதும் குறைவு.

யோசனை மட்டும் பழையது. ஆஸ்திரிய ராணுவம் 1780-ஆம் ஆண்டு வாக்கிலேயே ஜிரார்தோனி என்பவர் செய்த காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்தியது. அதன் காற்றுக் குடுவையை நிரப்ப ஏறக்குறைய 1,500 தடவை பம்ப் அடிக்க வேண்டியிருந்ததாம். போர்க்களத்துக்குப் போன ஆயுதத்தின் வாரிசை விளையாட்டுச் சாமான் என்று சொல்லலாமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் தூரத்தில் சுடுவதும் இதே ரகத் துப்பாக்கியால்தான். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அந்தப் போட்டியில். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிசிலும் இந்தியாவுக்காக நின்றது அதே போட்டியில். வெளிமாநிலத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர் உலக அரங்கு வரை போயிருக்கிறார். ஆகவே துப்பாக்கியையே குற்றம் சொல்லிப் பயனில்லை. அது எதை நோக்கித் திரும்புகிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு சட்டங்கள்

குழப்பத்துக்குக் காரணம், இங்கே இரண்டு சட்டங்கள் இருப்பதுதான். ஒன்று கையில் இருப்பதைப் பார்க்கிறது. மற்றது குறியில் இருப்பதைப் பார்க்கிறது.

முதலாவது, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் கீழ் 2016-இல் வந்த விதிகளின்படி, குழல் துவாரம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், குண்டின் சக்தி 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். இரண்டில் ஒன்று கூடினாலும் லைசென்ஸ் வேண்டும். '22' என்று சொல்லப்படும் 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

20 ஜூல் என்றால் எவ்வளவு? ஒலிம்பிக் துப்பாக்கியின் சக்தி ஏறக்குறைய 8 ஜூல்தான். லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கியே அதைப்போல் இரண்டரை மடங்கு பலம் கொண்டதாக இருக்கலாம். தெருவில் போகிறவர் கண்ணைப் பறிக்க இவ்வளவு பலம் தேவையே இல்லை.

கணக்கை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். அரை கிராம் குண்டு விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால் அதன் சக்தி 19.6 ஜூல். சட்டத்துக்கு உட்பட்டது. அதே குண்டு 300 மீட்டர் வேகத்தில் போனால் 22.5 ஜூல். சட்டத்துக்குப் புறம்பானது. இடையில் உள்ள வேறுபாடு வெறும் 20 மீட்டர் வேகம்! பி.சி.பி. ரகத்தில் உள்ளே ஒரு ஸ்பிரிங்கை மாற்றியோ, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் திருகைத் திருப்பியோ இந்த வேகத்தைக் கூட்டிவிட முடியும். வெளியே பார்த்தால் அதே துப்பாக்கி, அதே ரசீது. ஆனால் வைத்திருப்பவர் லைசென்ஸ் இல்லாத ஆயுதக்காரர் ஆகிவிடுகிறார். விதியின் பலவீனம் இங்கேதான். விற்கும்போது எழுதிய எண்ணைத்தான் ரசீது சொல்லும். வீட்டில் நடக்கும் திருகு வேலையை அது சொல்லாது.

குறியில் இருப்பது

இரண்டாவது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். முதலில் இந்தச் சட்டத்திலேயே சிறு வேட்டைக்கு உரிமம் தர இடமிருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அந்த வாசலை மூடிவிட்டது. இன்று பொழுதுபோக்குக்காகவோ கறிக்காகவோ வேட்டையாட உரிமம் என்று ஒன்று கிடையாது.

மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கிளி, கௌதாரி, காட்டு முயல் ஆகியவையும் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவையே. எதனால் சுட்டார் என்று சட்டம் பார்ப்பதில்லை. ஏர்கன்னும் கண்ணியும் கவணும் ஒன்றுதான். குறி தப்பினாலும் தப்ப முடியாது. வேட்டையாட முயல்வதும் வேட்டையே என்கிறது சட்டம்.

2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகளின்படி பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை உயிர் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25 ஆயிரத்துக்குக் குறையாது. குற்றத்துக்குப் பயன்பட்டுப் பிடிபட்ட துப்பாக்கியும் வண்டியும் அரசுக்குச் சொந்தமாகிவிடும். தெரு நாயையும் பூனையையும் சுட்டால்? அதற்கும் மிருகவதைத் தடைச் சட்டமும் பாரதிய நியாய சன்ஹிதாவும் இருக்கின்றன.

கர்நாடகத்திலேயே ஒரு நல்ல உதாரணம் குடகு. கொடவர்களுக்கு ஆயுத லைசென்சிலிருந்து வெள்ளையர் காலம் முதல் விலக்கு உண்டு. அது செல்லும் என்று 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த விலக்கு துப்பாக்கியை வைத்திருக்கத்தான். காட்டில் மானைச் சுட அல்ல. பரம்பரை உரிமை உள்ளவருக்கே இதுதான் நிலை என்றால், கடையில் ரசீது வாங்கியவருக்கு?

யாருக்கு நஷ்டம்?

வேட்டையே தொழிலாக இருந்தவர்கள் தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள், கர்நாடகத்தில் ஹக்கிப்பிக்கி மக்கள். 'ஹக்கி' என்றால் கன்னடத்தில் பறவை. சட்டம் வந்தபின் அந்த ஏழைகள் துப்பாக்கியையும் வலையையும் வைத்துவிட்டு, மணியும் ஊசியும் எண்ணெயும் விற்று வயிறு கழுவுகிறார்கள். சோற்றுக்காகச் சுட்டவன் விட்டுவிட்டான். சோறு உள்ளவன் பொழுதுபோக்குக்காகத் தொடங்குவது என்ன நியாயம்?

விவசாயியின் குறையை மட்டும் ஒதுக்கித் தள்ள முடியாது. ஊரில் கடலையையும் கிழங்கையும் காட்டுப் பன்றி உழுதுவிட்டுப் போகிறது. இங்கே மூட்டை தூக்கி அனுப்பிய பணத்தில் போட்ட பயிர் ஒரே இரவில் பாழாகிறது. அதற்கு வழி ஏர்கன் அல்ல. ஈயக் குண்டு பன்றியைக் கொல்வதை விடக் காயப்படுத்தவே செய்யும். காயம்பட்ட பன்றி அடுத்த வயல்காரர் மேல் பாயும். தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். மனு எழுதி, கிராமத்தார் கையெழுத்துப் போட்டு வனத்துறையை வரவழைப்பதே வழி. தாமதமானால் கேட்க வேண்டியது அதிகாரியை.

மாதச் சம்பளக்காரருக்கு இன்னொரு கவலையும் உண்டு. பிளஸ் டூ முடித்த பையன் அரசு வேலைக்கு மனுப் போட்டிருப்பான். போலீஸ் விசாரணை வரும்போது ஒரு புறாவுக்காகப் போட்ட வழக்கு குறுக்கே நிற்கும். சொந்த ஊரை விட்டு வந்து இருபது ஆண்டு பாடுபட்டது இதற்குத்தானா?

கிராமங்கள் காட்டிய வழி

வடகிழக்கே அருணாசலப் பிரதேசத்தில் வீட்டுக்கு வீடு ஏர்கன் இருந்தது. பறவைகள் குறைந்து காடு மௌனமானது. 2021 மார்ச்சில் அங்கே 'ஏர்கன் ஒப்படைப்பு' இயக்கம் தொடங்கியது. மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். 1,600-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்துவிட்டன என்று 2022 ஜனவரியில் பிரதமர் தமது வானொலி உரையில் குறிப்பிட்டார்.

தமிழர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது வேடந்தாங்கல் கிராமத்தார் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். துப்பாக்கி உள்ளவனிடமிருந்து துப்பாக்கி இல்லாதவர்கள் பறவையைக் காத்தார்கள். மாண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூரில் கன்னட விவசாயிகள் வீட்டு மரத்தில் கூடு கட்டும் கூழைக்கடாக்களை இன்றும் பிள்ளைகளைப் போல் காக்கிறார்கள். இந்த விஷயத்தில் தமிழனும் கன்னடியனும் ஒரே கட்சி.

ஏர்கன் வேண்டும் என்பவர் செய்ய வேண்டியது சில. குழல் அளவும் ஜூல் கணக்கும் ரசீதில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். திருகையும் ஸ்பிரிங்கையும் தொடக்கூடாது. மாடியிலும் பூங்காவிலும் சுடாமல், பயிற்சிக் கூடத்தில் காகிதக் குறியில் சுட வேண்டும். விற்பவர்களும், 'இதனால் பறவை, விலங்குகளைச் சுடுவது குற்றம்' என்று கன்னடத்திலும் தமிழிலும் கடையில் எழுதி வைக்கலாம். அதற்கு ஒரு பலகையும் கொஞ்சம் பெயிண்டும் போதும். அரசு அதைக் கட்டாயமாக்கினால் இன்னும் நல்லது.

லைசென்ஸ் வேண்டாம் என்பது துப்பாக்கிக்குத் தந்த சலுகை. அதைக் கிளிக்கும் கௌதாரிக்கும் எதிரான உத்தரவாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.