எலன் டெரியின் கடிதங்கள் அச்சேறியது சரியே

மேடைக் கலைஞரின் நடிப்பு திரை விழுந்ததும் மறைந்துவிடும். அந்த நடிப்பின் பின்னால் ஓடிய யோசனையைக் கடிதங்கள்தான் காட்டும். நாடகத்தில் நடிப்பவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

லண்டன் லைசியம் அரங்கில் 1878 முதல் ஹென்றி இர்விங்குடன் நடித்துப் புகழ்பெற்றவர் எலன் டெரி. அவருக்கும் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவுக்கும் 1892இல் தொடங்கிய கடிதப் போக்குவரத்து, நேரில் பழகாமலேயே பல ஆண்டுகள் நீண்டது. 1896இல் ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ நாடகத்தில் இமோஜன் வேடத்துக்கு எலன் தயாரானபோது, காட்சிகளை எப்படிக் கையாளுவது என்று இருவரும் கடிதங்களிலேயே விவாதித்தார்கள். நடிப்புக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் படித்ததில்லை.

1928இல் எலன் இறந்தார். 1931இல் கடிதங்கள் நூலாயின. மகன் கோர்டன் கிரெய்க் கடுமையாக எதிர்த்தார். தாயின் அந்தரங்கம் ஊரறிய வருவதைக் கண்ட மகனின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் வெளியிட்டதே நியாயம். ஷாவின் கடிதங்கள் மட்டும் மிஞ்சியிருந்தால், அவர் சொல்லிக்கொடுத்தார், எலன் கேட்டு நடித்தார் என்றே எழுதியிருப்பார்கள். இருவர் எழுதியதும் அச்சில் இருப்பதால்தான், தன் தொழிலைத் தானே ஆராய்ந்த கலைஞரை நாம் காண்கிறோம்.

நடிகைகளின் கடிதங்களில் காதல் கிசுகிசு தேடுவதை விடுவோம். அவற்றைத் தொழில் ஆவணமாகப் படிப்போம்.