துடுப்பு போடுகிறவர் பேசட்டும்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகேறியதும் காதில் விழும் முதல் சேதி அநேகமாக சினிமாதான். 'இதயக்கனி' எடுத்த இடம், 'தசாவதாரம்' எடுத்த இடம். குற்றமில்லை, 1975-ல் வந்த படத்தின் பெயரைக் கேட்டு இன்றைக்கும் முகம் மலர்கிற கூட்டம் நம்முடையது. ஆனால் அதற்கப்புறம் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே படகு நுழைகிறபோது பேச்சு நின்றுபோகிறது.

விசைப்படகில் இது பெரிய குறையில்லை. இன்ஜின் இரைச்சலில் யார் பேசினாலும் எடுபடாது; அங்கே விற்பது வேகம். எரிபொருள் எரிக்காத துடுப்புப் படகு மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவைப் பயணி ரசிக்க வேண்டுமானால் பேசத் தெரிந்த ஆள் கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை அவர் விசைப்படகுக்கே சீட்டு வாங்குவார்.

வழிகாட்டிகளுக்குப் பயிற்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆங்கிலம். நாலு வார்த்தை தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் விடுமுறை நாளில் படகுத்துறையில் வரிசையில் நிற்பவை பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அவர்களுக்குத் தமிழில் சொல்லவே இன்னும் பழக்கவில்லையே!

சொல்வதற்கா பஞ்சம்? சுரபுன்னையின் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போலத் தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து வேர்பிடிக்கும். அந்தச் சேற்றில் காற்று புகாது. விழுந்த இலையும் செத்த வேரும் லேசில் மட்காது. அலையாத்திக் காடு பிடித்துவைக்கும் கார்பனில் பெரும்பகுதி இப்படி மண்ணுக்குள்ளேதான் கிடக்கிறது. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு. சிதம்பரம் கோயிலின் தல மரமான தில்லையும் இங்கேதான் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதில் பாதியைப் படகோட்டி அனுபவத்தில் அறிந்தவர். அதைக் கோத்துச் சொல்லத்தான் பழக்கம் வேண்டும்.

தேக்கடியில் இது நடந்திருக்கிறது. பெரியாறு காட்டில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்களை 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை ஒரு குழுவாகத் திரட்டியது. இன்று அவர்களே பயணிகளை நடத்திச் செல்கிறார்கள், மூங்கில் தெப்பத்தில் துடுப்பும் போடுகிறார்கள். ஒளிந்து திரிந்த காலத்தில் கற்ற காட்டறிவுதான் அவர்களுக்கு முதல்.

இன்னொரு திறமையும் வேண்டும்: மனம் நோகாமல் மறுப்பது. "அண்ணே, பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க, கொக்கு பறந்துரும்" என்று சொல்வதும் ஒரு கலை. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை நடை போனோம் என்பதை வைத்தே வருமானம் என்றால், நின்று விளக்க யாருக்கும் பொறுமை இருக்காது. பயிற்சிக்கு முன்னால் கூலிக் கணக்கைத் திருத்த வேண்டும்.

சென்னையிலிருந்து தனிக் காரில் வந்திறங்குகிறவர் துடுப்புப் படகால் மிச்சப்படுத்தும் எரிபொருள் அற்பம் என்பதையும் மறைக்க வேண்டாம். சிதம்பரம் வரை ரயில் இருக்கிறது. அங்கிருந்து பிச்சாவரம் சுமார் 15 கி.மீ., பஸ்ஸில் வரலாம். "அடுத்த தடவை ரயில்ல வாங்க" என்று விளம்பரப் பலகை சொல்வதைவிட, சிரித்துப் பேசிக்கொண்டே துடுப்பு போட்டவர் சொன்னால் கேட்கக்கூடும்.